நெல்லைச் சீமையில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி: "அண்ணாச்சி, சென்னையில் 11 வருடம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டோம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. ரோடு, ஓட்டல் சாப்பாடு, தண்ணீர், ஆறு, அருவி என்று ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். இங்கே உண்மையிலேயே எதற்குப் பயப்பட வேண்டும்? எது வெறும் வாட்ஸ்அப் பயம்? உங்கள் வீட்டில் நீங்கள் எதைக் கடைப்பிடிக்கிறீர்கள்?"

தம்பி, நான் 31 வருடம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஆலங்குளம் என்று மாறி மாறி இருந்தேன். மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போடுவது, ஓட்டலில் மாதிரி எடுப்பது, கொசுப் புழு தேடி வீடு வீடாக ஏறி இறங்குவது, திருவிழாவுக்கு முகாம் போடுவது எல்லாம் அந்த வேலையில் உண்டு. அதனால் இதில் பாதி தொழிலில் கற்றது, பாதி என் சொந்த அபிப்பிராயம்.

வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோடு முதலில். அடுத்தது ஆறும் அருவியும். சாப்பாடு அதற்குப் பிறகுதான். ஊரில் நடக்கும் பேச்சு இதற்கு நேர்மாறாக இருக்கும்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆலங்குளம் பக்கம் ஒருவர் ரேஷன் அரிசியைத் தண்ணீரில் போட்டு டம்ளரோடு கொண்டுவந்தார். மேலே ஏழெட்டு அரிசி மிதந்தது. "சார், பிளாஸ்டிக் அரிசி. பிள்ளைக்கு இதத்தான் பொங்கிப் போட்டிருக்கோம்" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்திலேயே செய்து, சாதா அரிசி நூறு பங்குக்கு ஒரு பங்கு கலக்கிறார்கள். சிலது மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறித் தெரியும். பொறுக்கி எறிந்தால் சத்துதான் போகும். இதைச் சொன்னதும் மனுஷனுக்கு உயிர் வந்தது. வெளியே போய் வண்டியை எடுத்தார். நான்கு வயதுப் பையன் டேங்க் மேலே, பின்னால் மனைவி, மனைவி மடியில் கைக்குழந்தை. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. "அதை எடுத்துத் தலையில் போடுங்கய்யா" என்றேன். "இந்தா இருக்கு ஊரு, ஒண்ணும் ஆகாதுல சார்" என்று சொல்லிவிட்டுத் தென்காசி ரோட்டில் ஏறிப் போய்விட்டார்.

அந்த "ஒண்ணும் ஆகாதுல" என்ற சொல்லுக்குத்தான் நான் பயப்படுகிறேன். பழக்கமில்லாத அரிசியைக் கண்டால் பயம் வருகிறது, தினமும் செய்கிற காரியத்தைக் கண்டு வருவதில்லை. நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை தினமும் செய்கிற காரியத்தில் வந்தவை.

ரோட்டைப் பார்ப்போம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். நாடு முழுக்க அந்த வருடம் ரோட்டில் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். நீங்கள் சாப்பாட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பிள்ளையைப் பள்ளியில் விடும் பத்து நிமிடத்தில் ஹெல்மெட் இல்லையென்றால் அந்தக் கவனத்துக்கு அர்த்தமே இல்லை.

நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் சட்டப்படி ஹெல்மெட் வேண்டும். அப்படியென்றால் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டும். 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரின் உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் வார்ப்பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதி வந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. பிள்ளைக்குப் பிள்ளை அளவு ஹெல்மெட்டே வாங்குங்கள். அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் விழும்போது தலையைவிட்டுக் கழன்று முதலில் ஓடுவது அதுதான். தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட்டும் அப்படியே. ஐஎஸ் 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டோரத்தில் குவித்து விற்கும் தொப்பி மாதிரிச் சாமானை வாங்காதீர்கள்.

ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிற்க வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சடன் பிரேக் போட்டால் பிள்ளையின் தாடையும் தொண்டையும் ஹேண்டில்பாரில்தான் போய் இடிக்கும். பின்னாலிருந்து உங்கள் நெஞ்சும் சேர்ந்து அழுத்தும். பல் உள்ளே போன பிள்ளைகளை நான் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியாத சில ஆபத்துகள் இங்கே உண்டு. பிசான அறுப்பு முடிகிற மாசி, பங்குனியில் கிராமத்து ரோடுகளில் நெல் காயும். அதைச் சுற்றி வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் பைக்கில் வருபவனுக்கு அது தெரியாது. உளுந்துச் செடியையும் கொள்ளுச் செடியையும் வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்று ரோட்டில் பரப்புவதும் உண்டு. பைக் சக்கரத்துக்கு அது எண்ணெய் தடவிய தரை மாதிரி. காரின் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கவும் செய்யும். அந்த இடம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வராது. அவருக்கு உலர்களம் இல்லை. உலர்களம் கேட்டுக் கிராம சபையில் பேசலாம், அதுவரை "நெல்லை அள்ளும்போது கல்லையும் எடுத்துடுங்க அண்ணாச்சி" என்று இறங்கி நின்று சொல்லலாம். நான் சொன்ன இடங்களில் பெரும்பாலும் எடுத்தார்கள்.

அடுத்தது காற்று. ஆனி பிறந்துவிட்டால் பணகுடிக்குத் தெற்கே, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அறையும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதற்காகத்தான். பைக்கில் தெற்கே போகும்போது லாரியை முந்தினால் காற்று உங்களை லாரியின் பக்கமே தள்ளும். வடக்கே திரும்பி வரும்போது வேறு மாதிரி. லாரி காற்றை மறைத்துக்கொண்டிருக்கும், அதைக் கடந்த அந்த நொடியில் இடப்பக்கமிருந்து ஒரே அறை, வண்டி நடுத்திட்டை நோக்கி விலகும். அந்த மூன்று மாதம் அந்த வழியில் குடும்பத்தோடு பைக் வேண்டாம், பஸ்ஸில் போங்கள் என்பதே என் கருத்து.

திருச்செந்தூர் பாதயாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் அம்பை, தென்காசிப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் பாளையங்கோட்டை வழியாக நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரிதான் நடை. கட்டியிருப்பது பச்சை வேட்டி, பச்சைச் சேலை. இருட்டில், புளியமர நிழலில், அந்தப் பச்சை நிறம் கண்ணுக்கே தெரியாது. செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு முகாமில் நான் இருந்தபோது, ஒளிரும் பட்டை ஒட்டிய பைகளோடு வந்த கூட்டம் இருநூறு அடிக்கு முன்பே கார் வெளிச்சத்தில் மின்னியது. பட்டை இல்லாமல் வந்தவர்கள் கார் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தார்கள். சைக்கிள் கடையில் கிடைக்கிற சாமான்தான் அது, முதுகுப் பையில் குறுக்கே ஒட்டினால் போதும். நடக்கும்போது ரோட்டின் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்க வேண்டும். நம் ஆட்கள் இடப்பக்கம் நடக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாமலே அடிபடுகிறார்கள். நீங்கள் காரில் போனாலும் அந்த நாட்களில் ராத்திரி அந்த ரோட்டில் 40-க்கு மேல் போகாதீர்கள்.

நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் வருகிற வண்டிகள், பின்விளக்கே இல்லாத டிராக்டர், இவற்றை எல்லாரும் சொல்லியிருப்பார்கள். கைப்பேசியைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

விபத்தைப் பார்த்தால் நின்று 108-க்குச் சொல்லுங்கள். உதவி செய்தவரைக் கேஸில் இழுப்பார்கள் என்ற பயம் பழைய காலத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே உதவுபவர்களுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயம் இல்லை. அடிபட்டவருக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. 2021 டிசம்பரில் வந்த திட்டம். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஆட்டோவில் மடக்கித் திணிக்கவும் கூடாது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த மடக்கலிலேயே கை கால் விளங்காமல் போய்விடும்.

இனி ஆறு. தாமிரபரணியைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆசை வரும், வர வேண்டும். பயந்து வீட்டுக்குள் அடைத்து வைக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேலே ஓடும் தண்ணீரைப் பார்த்து ஆழம் சொல்ல முடியாது. முழங்கால் தண்ணீரில் நான்கு எட்டு வைப்பீர்கள், ஐந்தாவது எட்டில் ஆள் உள்ளே போய்விடும். இங்கே அதைக் கசம் என்பார்கள். பாறை ஓரத்தில் தானாக உண்டான கசம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மணல் அள்ளியதால் விழுந்த குழி யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அது இடம் மாறும். குடிநீருக்காக ஆற்றுக்குள் கட்டியிருக்கும் உறைகிணறுகளைச் சுற்றித் தண்ணீர் சுழித்துத் தோண்டியிருக்கும். சுத்தமல்லி, மருதூர் போன்ற அணைக்கட்டுகளின் கீழ்ப்புறம் நுரைத்து உருளும் தண்ணீர் அதைவிட மோசம். அது ஆளை வெளியே தள்ளாது, திரும்பத் திரும்பச் சுவர்ப் பக்கமே இழுக்கும். நல்ல நீச்சல்காரனும் அதில் தோற்பான்.

சேரன்மகாதேவியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் பதினாறாம் நாள் காரியத்துக்கு வெளியூரிலிருந்து வந்திருந்தது. படித்துறையில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அவர்களுக்கு இருபதடி தூரத்தில் மூழ்கினான். ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை. மூழ்குகிறவன் கத்துவான், கையை ஆட்டுவான் என்று நினைக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதவன் எப்படிக் கத்துவான்? வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி இறங்கும், கை இரண்டும் தண்ணீரை அமுக்கும், அரை நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அவன் விளையாடுவது போலவே இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது அவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், வயிற்றுத் தண்ணீர் வெளியே வரட்டும் என்று. பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே போயிருந்தது. நானும் இன்னொருவரும் நெஞ்சை அழுத்திப் பார்த்தோம், வாயோடு வாய் வைத்து ஊதினோம். பலனில்லை. படிக்கட்டில் அவன் மடித்து வைத்த சட்டையும் அதன் மேல் கைக்கடிகாரமும் இருந்தன.

அன்றிலிருந்து யாரைக் கண்டாலும் இதைச் சொல்கிறேன். மூழ்கியவரை மேலே கொண்டுவந்ததும் சுற்றக் கூடாது, வயிற்றை அமுக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சில்லை என்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மூக்கைப் பிடித்து வாயில் ஊத வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது தடவை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். முப்பது அழுத்தலுக்கு இரண்டு ஊதல். 108 வரும் வரை நிறுத்தக் கூடாது. காப்பாற்றப் போகிறவர் குதிப்பதும் கூடாது. ஒருவருக்காக இருவர், இருவருக்காக மூவர் போன குடும்பங்கள் உண்டு. வேட்டி இரண்டை முடிச்சுப் போட்டு வீசுங்கள், மூடி போட்ட காலி எண்ணெய்க் கேனைத் தூக்கிப் போடுங்கள்.

என் வீட்டு வழக்கம் இதுதான். புது இடத்தில் இறங்குவதற்கு முன் அங்கே தினமும் துவைக்கிற, குளிக்கிற ஆளிடம் "இங்கன எதுவரைக்கும் போகலாம்?" என்று கேட்போம். அவர் காட்டிய இடத்துக்கு அப்பால் ஒரு எட்டுக்கூட இல்லை. பிள்ளை கை எட்டும் தூரத்தில் ஒரு பெரிய ஆள், அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. பெரியவளை இந்தக் கோடையிலேயே பாளை அண்ணா விளையாட்டரங்கத்து நீச்சல்குளத்தில் சேர்த்துவிடுங்கள். ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுப்பது அந்தக் காலத்து ஆற்றுக்குச் சரி, மணல் போன ஆற்றுக்குச் சரிப்படாது.

அருவியில் ஆபத்து மேலிருந்து வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலைக்கு மேலே மழை கொட்டியிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனான். சாரல் காலம்கூட இல்லை அது. தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தால், சத்தம் கனத்தால், தலையில் தேய்த்த எண்ணெயோடு அப்படியே வெளியே வந்துவிடுங்கள். போலீஸ் விசில் அடித்த பிறகு "இன்னும் ஒரு முங்கு" என்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையம் முங்கியது. தாமிரபரணிக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்ற செய்தி வந்தால் ஆற்றோரத்து ரோடு எதிலும் வண்டி எடுக்காதீர்கள். அரையடி ஓட்டம் ஆளைத் தள்ளும், இரண்டடி ஓட்டம் காரையே தூக்கும்.

சரி, சாப்பாடு. இதில் ஏமாற்றையும் ஆபத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கருப்பட்டியில் சீனி, நெய்யில் வனஸ்பதி, இதெல்லாம் ஏமாற்று. கோபப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அதைச் சாப்பிட்டு அன்று ராத்திரி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. உடனடி ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சமைத்த சாப்பாடு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதில். பாளையங்கோட்டை வெயில் 40-ஐத் தொடுகிற நாளில், காலை ஆறு மணிக்கு அரைத்த தேங்காய்ச் சட்னி பதினொரு மணிக்கு வாளியில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். மத்தியானம் வடித்து வெளியே வைத்த சோற்றை ராத்திரி பிரைட் ரைஸ் ஆக்கினால், சூடு பண்ணியதால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். சோற்றில் பெருகும் ஒரு பாக்டீரியா விடும் நஞ்சு சூட்டில் அழிவதில்லை. கைப் புண்ணிலிருந்து சாப்பாட்டுக்கு வரும் கிருமியின் நஞ்சும் அப்படித்தான், சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி கிளம்பும். அதனால்தான் ஓட்டலுக்குள் போனால் நான் முதலில் சட்னி வாளியைப் பார்ப்பேன், அடுத்து பரிமாறுகிறவர் விரலைப் பார்ப்பேன். விரலில் துணி சுற்றியிருந்தால் காபி மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இதை வைத்துப் பார்த்தால், ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் நெருக்கும் பரோட்டாக் கடையில், கொதிக்கிற சால்னாவை ஊற்றிக் கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவைத் தின்பது பெரிய ஆபத்தில்லை. ஏசி போட்ட கடையில் காலையில் கலக்கி வைத்த மயோனைஸோடு வரும் ஷவர்மா ஆபத்து. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசே ஒரு வருடத்துக்குத் தடை செய்தது. ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது 2024 பிப்ரவரியில். அதில் இருந்தது துணிக்குப் போடும் ரோடமைன் பி சாயம். ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் பிள்ளை கேட்டு அழுதால் நுங்கோ பதநீரோ வாங்கிக் கொடுங்கள். அல்வாவைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்க்கரை அவ்வளவு இருப்பதால் கிருமி வளரத் தண்ணீர் கிடைக்காது, வெளியில் வைத்தாலும் தாங்கும்.

எனக்கு மனசு ஆறாத ஒன்று, கொதிக்கிற சாம்பாரையும் டீயையும் பாலித்தீன் கவரில் கட்டிக் கொடுப்பது. 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, இன்னும் கட்டுகிறார்கள். வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிவதும் அப்படியே, அச்சு மை எண்ணெயில் கரைந்து வடையில் ஏறும். வாழை விளையும் சீமையில் இலைக்கா பஞ்சம்? தூக்குச்சட்டி ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், என் வண்டியில் எப்போதும் இருக்கும்.

சாப்பாட்டில் சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பில் போடுவதைவிட, பில்லோடு பொருளை எடுத்து வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். மாநிலத்தின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று நம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

குடிதண்ணீருக்கு வந்தால், கேன் தண்ணீரை நம்பும் அளவுக்குக் குழாய்த் தண்ணீரை யாரும் நம்புவதில்லை. குழாயில் வரும் தண்ணீரில் லேசான குளோரின் வாடை இருந்தால் அது நல்ல அடையாளம். நாங்கள் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விடுவோம், மஞ்சளானால் கடைசித் தெருவுக்கும் குளோரின் போயிருக்கிறது என்று அர்த்தம். மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கெடுவது உங்கள் வீட்டுச் சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும்தான். கொதிக்க வைத்துக் குடித்தால் போதும். தொட்டியை, குடத்தை, பிரிட்ஜின் பின்தட்டை வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவுங்கள். 2012-இல் நம் மாவட்டத்தில் டெங்கு ஆட்டிவைத்தபோது கடையநல்லூர்ப் பக்கம் போய்ப் பார்த்தோம், கொசு சாக்கடையில் வளரவில்லை, குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் வளர்ந்தது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். சோப்புப் போட்டுக் குழாயடியில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடுங்கள், எல்லாத் தவணையும் முடியுங்கள். பாம்பு என்றால் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே அரசு ஆஸ்பத்திரி.

வீட்டில் துணி காயப்போடுவது கம்பியிலா கயிற்றிலா என்று இன்றைக்கே பாருங்கள். கொடிக்கம்பியின் ஒரு முனையைத் தகரக் கொட்டகையில் கட்டியிருப்பார்கள், அந்தத் தகரத்தில் எங்கேயோ ஒரு வயர் உரசிக்கொண்டிருக்கும், மழை நாளில் ஈரத் துணியோடு தொடும் பெண்கள்தான் போகிறார்கள். நைலான் கயிற்றுக்கு மாற்றுங்கள். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கேளுங்கள். கேஸ் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், கேஸ் கசிந்தால் 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லை டவுனில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நான் போன எந்தப் பள்ளியிலும் வகுப்பறையைவிடக் கழிப்பறைச் சுவரையும் காம்பவுண்டுச் சுவரையும்தான் முதலில் பார்ப்பேன். பிள்ளைகளைச் சேர்க்கும்போது நீங்களும் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். சுவர் சாய்ந்திருந்தால், விரல் நுழையும் வெடிப்பு இருந்தால், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சங்கடமாக இருக்கும், "வந்த அன்னைக்கே புகாரா" என்பார்கள். பரவாயில்லை.

எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஏழெட்டு வருடமாக அப்படித்தான் நிற்கிறது, ஒண்ணும் ஆகாது என்றார்கள் பக்கத்து வீட்டார். போன வருடம் மூன்று மனு எழுதினேன். மூன்றாவதற்கு ஆட்கள் வந்தார்கள். பழைய கம்பத்தைப் பிடுங்கியபோது மண்ணுக்குள் இருந்த பகுதியில் சிமென்ட் உதிர்ந்து, உள்ளே கம்பி துருவேறிக் குச்சி மாதிரி இருந்தது. லைன்மேன் அதைக் கையாலேயே ஒடித்துக் காட்டினார். அந்தக் கம்பத்தடியில்தான் சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட் ஸ்டம்ப் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.